சஃபாரியில் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வது எப்படி

கென்யாவின் மசாய் மாராவிலோ தான்சானியாவின் செரங்கெட்டியிலோ ஒரு கூடார முகாமுக்குள் நுழைந்தால் கட்டில் இருக்கும், கொசுவலை இருக்கும், தலைமாட்டில் சின்ன விளக்கு இருக்கும். பிளக் பாயிண்ட் இருக்குமா என்பது மட்டும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெரிய லாட்ஜ்களில் அறைக்குள்ளேயே இருக்கும். காட்டுக்குள் இருக்கும் சின்ன முகாம்களில், எல்லோருக்கும் பொதுவாகச் சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஏகப்பட்ட சார்ஜர்கள். மின்சாரம் சோலாரிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும். ஜெனரேட்டர் என்றால் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். இரவு பத்து மணிவாக்கில் நிறுத்திவிடுவார்கள்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடத்தை நிரப்பி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சஃபாரியில் பவர் பேங்க்தான் குடம். மின்சாரம் வரும்போதெல்லாம் குடத்தை நிரப்ப வேண்டும். போனுக்கும் கேமராவுக்கும் குடத்திலிருந்து எடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். போனை நேராக சாக்கெட்டில் மாட்டுவதையே நம்பியிருந்தால், மூன்றாம் நாள் காலை சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும்போது திரை கறுத்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்

பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை வைத்து ஒரு பேட்டரியை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும், ஏனென்றால் வோல்ட் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லாவற்றையும் வாட்-மணிக்கு (Wh) மாற்றுங்கள்: வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும்.

5000 எம்ஏஎச் போன் சுமார் 19 வாட்-மணி. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களின் 7.2 வோல்ட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 16. லேப்டாப் 50 முதல் 70 வரை. ஸ்மார்ட் வாட்ச், ஹெட்செட் போன்றவை ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிடும்.

இரண்டு பேர், இரண்டு போன், ஒரு கேமரா என்று வைத்துக்கொள்வோம். போன்களுக்கு 38, கேமராவுக்கு நாளொன்றுக்கு இரண்டு பேட்டரி வீதம் 32, தலை விளக்குக்கும் வாட்ச்சுக்கும் ஒரு 6. மொத்தம் 76. சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் நாளுக்கு 95 முதல் 100 வாட்-மணி வேண்டும். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். படங்களைச் சேமிக்கத்தான் லேப்டாப் என்றால், கூடுதலாக இரண்டு மெமரி கார்டு வாங்கிக்கொண்டு அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

20,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் செல்கள் 3.7 வோல்ட். அதாவது 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ உயர்த்தி வெளியே அனுப்பும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். கைக்கு வருவது 60 வாட்-மணிவாக்கில்தான். 5000 எம்ஏஎச் போனுக்கு மூன்று தடவை ஏறும். அட்டையில் நான்கு என்று இருந்தாலும் மூன்று என்றே கணக்கு வையுங்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது எல்லோரும் அது எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். சஃபாரிக்கு அதைவிட முக்கியம், எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்கிறது என்பது. பழைய மாடல்கள் 10 வாட்தான் உள்ளே எடுக்கும். 74 வாட்-மணியை நிரப்ப எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஜெனரேட்டரோ மாலையில் நான்கு மணி நேரம்தான் ஓடும். பாதிக் குடம்தான் நிரம்பும். 30 வாட் அல்லது அதற்கு மேல் ‘இன்புட்’ உள்ளதாக எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த எண் பவர் பேங்க்கின் முதுகில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

விமானத்தில் எதை, எங்கே வைப்பது

பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் ஸ்கேனரில் பிடித்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், அல்லது பெட்டி உங்களோடு வராது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. 27,000 எம்ஏஎச் பவர் பேங்க் 99.9 வாட்-மணி, அதுதான் சிக்கலில்லாத உச்சம். எண் தேய்ந்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைக் கொண்டுபோகாதீர்கள். எண் தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

பல விமான நிறுவனங்கள் இதற்கும் மேலே சொந்த விதிகள் வைத்திருக்கின்றன. நைரோபி, தார் எஸ் சலாம், ஜோகன்னஸ்பர்க் போகப் பலரும் ஏறும் எமிரேட்ஸ், 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு 100 வாட்-மணிக்கு உட்பட்ட ஒரே ஒரு பவர் பேங்க்கைத்தான் அனுமதிக்கிறது. அதை விமானத்துக்குள் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. தலைக்கு மேலுள்ள பெட்டியிலும் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை. ஆகவே இரண்டு பவர் பேங்க் வேண்டுமென்றால் ஆளுக்கொன்றாகப் பிரித்து வையுங்கள். போகும் விமானத்துக்கும் திரும்பும் விமானத்துக்கும் தனித்தனியாக விதியைப் பாருங்கள்.

கேமரா பேட்டரிகளின் உலோக முனைகள் சாவியிலோ நாணயத்திலோ உரசக் கூடாது. அதனுடன் வந்த பிளாஸ்டிக் மூடியை மாட்டுங்கள். தொலைந்துவிட்டதென்றால் முனைகளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும்.

பூங்காவுக்குள் சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு எடைதான் பெரிய கணக்கு. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் கைப்பையையும் சேர்த்து 15 கிலோ; போட்ஸ்வானாவின் மவுன் நகரிலிருந்து ஒகவாங்கோ கழிமுகத்துக்குப் போக வழக்கமாக 20 கிலோ; இரண்டிலும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, துணிப்பைதான். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றே ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி சார்ஜர் என்று அடுக்கினால் ஒரு கிலோ போய்விடும். 65 வாட் ‘கேன்’ சார்ஜர் (GaN என்று எழுதியிருக்கும், அளவில் சிறிய வகை), மூன்று துளை உள்ளதாக ஒன்று போதும்.

எந்த நாட்டில் எந்த பிளக் முள்

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க சஃபாரி நாடுகள் எல்லாவற்றிலும் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜரின் மேல் ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் வோல்டேஜ் மாற்றும் கருவி எதுவும் வேண்டாம்; முள் பொருந்தினால் போதும். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருக்கும் அமெரிக்கப் பொருள்களைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் 120 வோல்ட்டுக்கு அளந்தது, 230 வோல்ட்டில் மாட்டியவுடன் கருகும்.

கென்யா, உகாண்டா இரண்டிலும் ஜி வகை: பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள அதே மூன்று பட்டை முள். தான்சானியாவில் ஜி வகையும், மூன்று உருண்டை முள் கொண்ட டி வகையும் உண்டு. இந்தியாவின் 5 ஆம்பியர் பிளக் இந்த டி வகைதான். ஜாம்பியாவில் சி (ஐரோப்பிய இரட்டை முள்), டி, ஜி மூன்றும்; ஜிம்பாப்வேயில் டி, ஜி. கொரில்லா பார்க்க ருவாண்டா போகிறீர்களா? அங்கே சி வகையும் ஜே வகையும். ஐரோப்பியச் சிறு இரட்டை முள் இரண்டிலும் நுழையும்.

தெற்கே போனால்தான் சிக்கல். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவில் எம் வகை: டி மாதிரியே மூன்று உருண்டை முள், ஆனால் தடித்தது. டி வகையின் எர்த் முள் 7 மில்லிமீட்டர் குறுக்களவு. எம் வகையில் 8.7. ‘உலகம் முழுக்கச் செல்லும்’ என்று எழுதி விற்கும் சதுர அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் எம் கிடையாது. தனியாக வாங்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். தென்னாப்பிரிக்காவின் புதிய கட்டடங்களில் என் வகை என்ற சின்ன சாக்கெட்டும் இருக்கிறது. அதில் ஐரோப்பிய இரட்டை முள் நேராகப் போகும். இரட்டை முள்ளுடன் ஒரு கேன் சார்ஜரும், ஜி, எம் என இரண்டு அடாப்டரும் இருந்தால் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம்.

ஜி வகை சாக்கெட்டின் கீழ்த் துளைகள் இரண்டும் மூடியிருக்கும். மேலே எர்த் முள் நுழைந்தால்தான் திறக்கும். அடாப்டர் இல்லாதவர்கள் மேல் துளையில் பேனாவைச் செருகி, கீழே இரட்டை முள்ளைத் திணிப்பதைப் பார்க்கலாம். செய்யாதீர்கள். சரியான அளவில்லாத முள் தளர்ந்து நின்று பொறி பறக்கும். துணிக் கூடாரத்துக்குள் பொறி எதற்கு?

கனமான சதுர அடாப்டருக்கு இன்னொரு குணம் உண்டு. பழைய சாக்கெட்டில் தன் எடையிலேயே மெல்லச் சாய்ந்து, பாதி இரவில் தொடர்பு விட்டுப்போகும். காலையில் பார்த்தால் எல்லாம் 12 சதவீதத்தில் நிற்கும். அடாப்டரில் சார்ஜரை நேராக மாட்டாமல், நடுவே அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றைச் சேர்த்து, சார்ஜரைத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். மாட்டியபின் ஒவ்வொரு சாதனத்திலும் சார்ஜ் ஏறும் குறி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். கென்யாவில் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். அதைப் போடாமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

முகாமில் நடைமுறை

முன்பதிவு செய்யும்போதே நான்கு கேள்விகளை எழுதிக் கேட்டுவிடுங்கள். கூடாரத்துக்குள் பிளக் பாயிண்ட் உண்டா, பொது மேசை மட்டும்தானா? மின்சாரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? முள் எந்த வகை? சஃபாரி வண்டியில் சார்ஜ் வசதி உண்டா? ‘சார்ஜ் வசதி இருக்கிறது’ என்று பொதுவாக வரும் பதிலை ஏற்க வேண்டாம். மணிக்கணக்காக எழுதி வாங்குங்கள்.

ஜெனரேட்டர் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும். கிளம்பிய உடனே பாய்ந்து மாட்டாமல், விளக்கு மினுக்காமல் நிலையாக எரிகிறதா என்று இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது. இரவு நிறுத்தும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கழற்றிவிடுங்கள்.

சோலார் முகாமில் கணக்கு வேறு. அங்கே மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டினால், பகலில் சேர்த்ததைத்தான் எல்லோரும் உறிஞ்சுகிறார்கள். இரவில் விளக்குக்கே தட்டுப்பாடு வரும். காலை சஃபாரி முடிந்து பதினொரு மணிக்குத் திரும்புவீர்கள்; மூன்றரை வரை ஓய்வு. அந்த நேரத்தில் தகடுகள் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். அதுதான் சார்ஜ் போட வேண்டிய நேரம். சாப்பிட்டு முடித்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதற்கு முன் பவர் பேங்க்கை மாட்டிவிட்டுப் படுங்கள்.

ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதையும் மாட்டாதீர்கள். 1500 வாட் ஹேர் டிரையர் ஒன்று, 20 வாட் வீதம் 75 போன் சார்ஜர்களுக்குச் சமம். முகாமின் இன்வெர்ட்டர் அப்படியே விழுந்துவிடும், அன்று மாலை எல்லோருக்கும் இருட்டு.

எதை முதலில் மாட்டுவது? நேரம் குறைவாக இருந்தால் கேமரா பேட்டரிதான் முதலில், ஏனென்றால் அது மெதுவாக ஏறும், பவர் பேங்க்கிலிருந்து ஏற்றுவதும் எல்லாக் கேமராவிலும் நடக்காது. அடுத்தது பவர் பேங்க். போன் கடைசி, ஜெனரேட்டர் நின்றபின் தலைமாட்டில் பவர் பேங்க்கிலிருந்து இரவு முழுக்க ஏறட்டும். கட்டில் விளக்கின் அடியில் இருக்கும் யூஎஸ்பி துளையை அதிகம் நம்ப வேண்டாம். பலவற்றில் 5 வாட்தான் வரும். ஒரு போன் ஏறவே நான்கைந்து மணி நேரம் ஆகும்.

மூன்று துளை சார்ஜரில் ஒரு நுணுக்கம். புதிதாக ஒன்றைச் செருகும் ஒவ்வொரு முறையும் சார்ஜர் ஒரு நொடி எல்லாவற்றையும் நிறுத்தி, வாட்டைப் புதிதாகப் பங்கு போடும். 65 வாட் தனியாகக் கிடைத்த துளையில், இன்னொன்று சேர்ந்ததும் 45-ஆகக் குறையலாம். போனுக்கு இது ஒன்றும் செய்யாது. ஆனால் மின்சாரம் வாங்கிக்கொண்டே படங்களை நகலெடுக்கும் ஹார்டு டிஸ்க் அந்த ஒரு நொடியில் துண்டிக்கப்படும், கோப்பு கெட்டுப்போகலாம். நகல் ஓடும்போது அந்தச் சார்ஜரில் கை வைக்காதீர்கள்.

பொது மேசையில் வைக்கும் ஒவ்வொன்றிலும், கேபிள் உட்பட, பெயர் எழுதி ஒட்டுங்கள். யாரும் திருடுவதில்லை. விடியற்காலை ஐந்தரை மணி இருட்டில், ஒரே மாதிரி இருபது வெள்ளைக் கேபிள்களில் எவரோ அவசரத்தில் உங்களுடையதை எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

கேமரா பேட்டரிகள்

ஒரு கேமராவுக்கு மூன்று பேட்டரி கொண்டுபோங்கள்: ஒன்று உள்ளே, ஒன்று பையில், ஒன்று சார்ஜில். மிரர்லெஸ் கேமராவில் கண்ணருகே இருக்கும் சின்னத் திரை எந்நேரமும் எரிவதால் செலவு அதிகம். சிங்கம் எழுந்திருக்குமா என்று அரை மணி நேரம் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தால், ஒரு படம் எடுக்காமலே பேட்டரி கணிசமாக இறங்கும். காத்திருக்கும்போது அணைத்து வையுங்கள். ஒரு நொடியில் விழித்துக்கொள்ளும். போனுக்குப் படம் அனுப்பும் வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

யூஎஸ்பியில் ஓடும் இரட்டைச் சார்ஜர் 10 வாட் எடுக்கும் என்றால், இரண்டு பேட்டரியின் 32 வாட்-மணிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். மாலை ஜெனரேட்டர் நேரம் அதற்கே சரியாகப் போய்விடும். மூன்றாவது பேட்டரிக்கு மதியமோ வண்டியோதான் வழி. சில கேமராக்கள் ‘பவர் டெலிவரி’ என்ற வேகச் சார்ஜ் முறை உள்ள யூஎஸ்பி-சி கிடைத்தால்தான் உடலுக்குள் வைத்து ஏற்றும். சாதாரணக் கேபிளை மாட்டினால் பேசாமல் இருக்கும். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு தடவை பவர் பேங்க்கிலிருந்து ஏற்றிப் பாருங்கள். நிரம்பியதையும் காலியானதையும் பிரித்தறிய, நிரம்பிய பேட்டரிக்கு ஒரு ரப்பர் பேண்ட். தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

வண்டியில்

சஃபாரி வண்டிகளில் 12 வோல்ட் சிகரெட் லைட்டர் துளை அநேகமாக இருக்கும். சிலவற்றில் இன்வெர்ட்டர் வைத்து வீட்டு சாக்கெட்டும் கொடுத்திருப்பார்கள். துளையின் ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால் மொத்தமே 120 வாட். ஆறு பயணிகள் ஆளுக்கொரு லேப்டாப்பை மாட்டினால் ஃபியூஸ் போகும், ஓட்டுநரிடம் மாற்று ஃபியூஸ் இருக்கும் என்ற உறுதி இல்லை. வாகன சார்ஜர் வாங்கும்போது ‘12–24 வோல்ட்’ என்று எழுதியதாகப் பாருங்கள். நெடும்பயணக் குழுக்களை ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளில் 24 வோல்ட் வரும். 12-க்கு மட்டும் செய்த மலிவுச் சார்ஜர் அதில் புகைந்துவிடும். இன்வெர்ட்டரில் மாட்டிய சார்ஜர் ‘ங்ங்’ என்று இரைந்தாலோ தொட முடியாத அளவுக்குச் சூடானாலோ கழற்றிவிடுங்கள். அந்த இன்வெர்ட்டர் தரும் அலை உங்கள் சார்ஜருக்குச் சேரவில்லை.

சாலையின் குலுக்கலுக்கு வழிகாட்டிகள் ‘ஆப்பிரிக்கன் மசாஜ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மசாஜில் சிகரெட் துளையில் செருகியது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். யானை வலப்பக்கம் என்று யாராவது கத்தினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தொங்கும் கேபிளில் கால் மாட்டி, போனின் துளை பிய்ந்துபோகும். அதனால் வண்டியில் போனையோ கேமராவையோ நேராக மாட்ட வேண்டாம். பவர் பேங்க்கை மட்டும் மாட்டி, இருக்கைப் பைக்குள் வைத்துவிடுங்கள். துளை பிய்ந்தாலும் போவது பவர் பேங்க்கோடு போகட்டும். முனை எல் வடிவில் மடங்கிய கேபிள் இதற்கு நல்லது.

விலங்கின் அருகே நின்றால் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிடுவார். சில வண்டிகளில் அத்துடன் துளையும் அணைந்துவிடும். மறுபடி கிளம்பும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிப் போகிறவர்களுக்குப் பின்பக்கம் இரண்டாவது பேட்டரி ஒன்று இருக்கும்; ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடும். சார்ஜையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து அல்ல. பின்னால் இருக்கும் துளை சிகரெட் துளையைவிடச் சின்னதான ‘ஹெல்லா’ வகையாக இருக்கலாம். வண்டியை வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே அதற்கான மாற்றி கேட்டு வாங்குங்கள். வோல்ட் மீட்டர் இருந்தால், என்ஜின் அணைத்துச் சற்று நேரம் கழித்து 12.7 காட்டினால் நிறைவு, 12.2-க்குக் கீழே போனால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்க முகாம் மைதானங்களில் பெரும்பாலும் 16 ஆம்பியர் நீல வட்ட சாக்கெட்தான். அதற்கு எம் வகைக்கு மாற்றும் ஒயர் வேண்டும்.

ஜாம்பியா, ஜிம்பாப்வே நகரங்களில் மின்வாரியத்தை நம்பி நாள் குறிக்காதீர்கள். இரண்டு நாடுகளும் கரீபா அணையின் நீர்மின்சாரத்தைச் சார்ந்தவை. 2024 வறட்சியில் அணை வற்றியபோது நாளில் பெரும்பகுதி மின்வெட்டாக இருந்தது. நகர ஹோட்டலில் இறங்கிய அன்றே எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள்; ‘நாளை கிளம்பும்முன் போட்டுக்கொள்ளலாம்’ என்பது அங்கே பலிக்காது.

சூரியத் தகடு வேண்டுமா

முகாம்களில் தங்கிப் போகிறவர்களுக்கு வேண்டாம். நடைச் சஃபாரிக்கும், தானே ஓட்டிப் போகும் பயணத்துக்கும்தான் அதன் எடைக்குப் பயன் உண்டு. முதுகில் சின்னத் தகடு ஒட்டிய பவர் பேங்க் எவருக்குமே வேண்டாம். அந்தத் தகடு ஏறக்குறைய 1.2 வாட் தரும்; 74 வாட்-மணியை நிரப்ப அறுபது மணி நேரம் நல்ல வெயில், அதாவது பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள் வெயிலில் கிடந்த பேட்டரி உப்பிவிடும்.

மடக்கும் 28 வாட் தகடு நல்ல வெயிலில் 15 முதல் 18 வாட் தரும். ஐந்து மணி நேரத்தில் ஒரு பவர் பேங்க் நிரம்பும். தகடு வெயிலில், பவர் பேங்க் தகட்டின் அடி நிழலில். மேகம் வந்து போனபின் சில பவர் பேங்க்குகள் மெதுவான வேகத்திலேயே நின்றுவிடும். கழற்றி மறுபடி மாட்டினால் சரியாகும். கென்யாவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே மதியம் தகட்டைத் தரையில் படுக்கப் போட்டாலே போதும். நமீபியா, போட்ஸ்வானாவில் ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். தகட்டை வடக்கு பார்த்து நாற்பது டிகிரிவாக்கில் சாய்த்து நிறுத்துங்கள். பழக்க தோஷத்தில் தெற்குப் பார்த்து வைத்தால் பாதிகூட வராது. ஆளில்லாமல் விட்டுப்போனால் குரங்குகள் வந்து பிரித்துப் பார்க்கும்.

குளிர், சூடு, தூசி

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறவர்கள் தான்சானியாவின் ங்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் நடுங்குவார்கள்; அது 2,300 மீட்டர் உயரம். கலஹாரிப் பாலைவனத்தில் ஜூன், ஜூலை இரவுகளில் உறைநிலைக்கே இறங்கும். குளிரில் பேட்டரி திடீரென 30 சதவீதம் காட்டி அணைந்துவிடும். தீர்ந்துவிட்டதென்று நினைக்காதீர்கள், சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டு வரும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். இரவில் பேட்டரிகளைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சார்ஜில் இருப்பதை அல்ல.

பகலில் நேர்மாறு. டேஷ்போர்டில் வெயிலில் கிடக்கும் போன் சூடாகிச் சார்ஜை நிறுத்திவிடும். பழுது அல்ல, தற்காப்பு. நிழலில் வைத்தால் தானே தொடரும்.

செரங்கெட்டி, அம்போசெலி தூசி மாவு மாதிரி. யூஎஸ்பி-சி துளையின் அடியில் போய் இறுகி, கேபிள் முழுதாக நுழையாமல் அசைந்துகொண்டே இருக்கும். போனை அணைத்து, காற்றடிக்கும் ரப்பர் குமிழால் ஊதி, அப்படியும் போகாவிட்டால் மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். ஊசி, கிளிப் கூடாது. துளைக்கு ரப்பர் மூடி சில காசுக்குக் கிடைக்கும். தூசிக்குப் பிளாஸ்டிக் கேரி பேக்கில் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம்: ருவாண்டா 2008-லும், கென்யா 2017 ஆகஸ்டிலும், தான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடைசெய்துவிட்டன. துணிப்பை, அல்லது வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பை.

செலவைக் குறைக்க மிக எளிய வழி ஏரோபிளேன் மோட். காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும். போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். வரைபடம், பூங்கா அனுமதிச் சீட்டு, விமானச் சீட்டு எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் போனை அந்நிலையில் வைத்தே நாள் முழுக்கப் படம் எடுக்கலாம்.

இரவில் சிபாப் மாட்டித் தூங்குகிறவர்கள்

தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி சிபாப் (CPAP). இதை மாட்டுகிறவர்களுக்கு மட்டும் குடக் கணக்கு போதாது. ஈரப்பதமூட்டியும் சூடேற்றும் குழாயும்தான் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பவை. மருத்துவரைக் கேட்டு அவற்றை நிறுத்தி வைக்க முடிந்தால் தேவை பல மடங்கு குறையும். பல கருவிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. வண்டியின் 12 வோல்ட்டில் நேராக ஓடாது, அந்த நிறுவனத்தின் டிசி மாற்றி வேண்டும். முகாமுக்கு முன்பே எழுதினால், இரவு முழுக்க மின்சாரம் வரும் கூடாரத்தையோ தனிப் பேட்டரியையோ ஒதுக்க முடியுமா என்று சொல்வார்கள். முடியாது என்றால் வேறு முகாமைத் தேர்ந்தெடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் கேட்டால், ஒரு கூடாரத்துக்காக இரவு முழுக்க ஜெனரேட்டரை ஓட்ட மாட்டார்கள்.

ஏறவில்லை என்றால்

வரிசையாகப் பாருங்கள். சாக்கெட் சுவிட்ச். அந்த நேரத்துக்கு மின்சாரம் உண்டா. அடாப்டர் சாய்ந்திருக்கிறதா. கேபிளை மாற்றி மாட்டுங்கள். பழுதில் முக்கால்வாசி கேபிளில்தான், அதனால்தான் ஒவ்வொரு வகையிலும் இரண்டு வேண்டும். பிறகு துளையில் தூசி. பிறகு சூடு அல்லது குளிர். பவர் பேங்க் உப்பியிருந்தால் எதையும் முயலாதீர்கள். கூடாரத்துக்கு வெளியே, எரியக்கூடியவை இல்லாத இடத்தில் வைத்துவிட்டு முகாம் மேலாளரிடம் சொல்லுங்கள். அதை விமானத்திலும் ஏற்றக் கூடாது.

முகாமைக் காலி செய்யும் காலையில் பொது மேசை, கட்டிலின் பின்புற சாக்கெட், வண்டியின் சிகரெட் துளை ஆகிய மூன்று இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். எம் வகை அடாப்டர் பெரும்பாலும் கட்டிலுக்குப் பின்னால்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.